ஓட்டுபவரைத் தவிர

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையை எழுதியது நான்தான். ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் அப்பா வாயிலிருந்து வந்தது. பின்னால் பழி என் தலையில் விழுந்ததால் இப்போதே பதிவு செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகையிலிருந்து அப்பா புயல் மாதிரி வந்தார்.

"டிராக்டர் சீட்டு முன்னால தள்ளியிருக்கு! யாரு உட்கார்ந்தது?"

அப்பாவுக்கு நீளக் கால். அம்மாவுக்குக் குட்டைக் கால். துப்பறிய இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

"நான்தான்," என்றாள் அம்மா, துணி பிழிந்துகொண்டே. "கோழி அங்க முட்டை வச்சிருக்கான்னு பார்க்க ஏறினேன். அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். நல்லாதான் இருக்கு. என்னங்க, கீழ் வயலை இந்தத் தடவை நான் உழுறேனே."

அப்பா சிரித்தார். எங்கள் நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுத்தது. அந்த மாதிரிச் சிரிப்பு.

"டிராக்டர்னா என்னன்னு நெனச்ச? தையல் மிஷினா?"

"தையல் மிஷின் இதைவிடக் கஷ்டங்க. அதுல ஊசி இருக்கு."

அம்மா பிறந்த வீட்டில் பதினாறு வயதிலேயே டிராக்டர் ஓட்டியவள். கல்யாணமான பிறகு அப்பா அந்தச் செய்தியை ஒரு வதந்தி மாதிரியே நடத்தி வந்தார். எனக்கும் இதில் சுயநலம் உண்டு, மறைக்கவில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். டிராக்டர் ஓட்ட வேண்டும் என்று ஆசை. அப்பாவிடம் கேட்டால் "பாப்பா, போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு" என்பார். அம்மாவிடம் கேட்டால் "எனக்கே சீட்டு கிடைக்கல, உனக்கு எங்கடி தர்றது? எனக்குக் கிடைச்ச மறுநாள் உனக்கு" என்பாள். ஆக, எனக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவே நின்ற ஒரே ஆள் அப்பா.

அவர் அன்றைக்குச் சட்டமே போட்டுவிட்டார். "பாப்பா! அட்டையும் மார்க்கரும் எடுத்துட்டு வா. இன்னியிலேர்ந்து இந்த வீட்ல சட்டம்!"

கொண்டுவந்தேன். என் பத்து வருடப் படிப்பில் மிஞ்சியது நல்ல கையெழுத்து மட்டும்தான்.

"எழுது. ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் இந்த வண்டியைத் தொடக்கூடாது."

"'அப்பாவைத் தவிர'னு எழுதட்டுமாப்பா?"

"அப்பான்னு போட்டா வீட்டு விஷயம் மாதிரி இருக்கும். பஸ்ல எழுதியிருப்பாங்கல்ல? அந்தக் கெத்து வேணும். 'ஓட்டுபவர்'னே போடு. பெருசாப் போடு."

பெரிதாகப் போட்டேன். அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். அப்பா அதைக் கம்பியால் ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார். அம்மா வந்து நின்று நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

"தொடவே கூடாதாங்க?"

"தொடவே கூடாது."

"துடைக்கக்கூட?"

"துடைக்கக்கூட."

"மூடி கீடி எதையும்?"

"எந்த மூடியையும்! என்ன, சட்டம் புரிஞ்சுதா?"

"சரிங்க," என்றாள் அம்மா.

அம்மா எதிர்த்துப் பேசினால் பயப்பட வேண்டியதில்லை. 'சரிங்க' என்று சொன்னால் கவனமாக இருக்க வேண்டும். இருபது வருடம் குடும்பம் நடத்தியும் அப்பாவுக்கு இது தெரியவில்லை. எனக்குப் பால் பல் விழுவதற்கு முன்பே தெரியும்.

அந்த மூடி விஷயம் என்னவென்று சொல்கிறேன்.

எங்கள் டிராக்டரில் டீசல் அளவு காட்டும் முள் செத்து ஏழு வருடமாகிறது. எப்போது பார்த்தாலும் பாதியில் நிற்கும். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவருக்கு விரல் இருக்கிறது, காது இருக்கிறது. தினமும் காலையில் டீசல் டேங்கை நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். கண்ணை மூடி, காதை வைத்துக் கேட்பார், டாக்டர் மாதிரி. 'டப்' என்று மந்தமாகச் சத்தம் வரும். "போதும், ஓடும்" என்பார். ஓடும்.

வாரத்துக்கு ஒரு கேன்தான் ஊற்றுவார், திங்கட்கிழமை மட்டும். "என் வண்டி டீசலைக் குடிக்காது, மோந்து பார்த்தே ஓடும். எல்லாம் ஓட்டுற கையில இருக்கு" என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "பதினோரு வருஷம்! ஒரு நாள் டீசல் இல்லாம நின்னிருக்கா?" வாங்கின முதல் வாரம் ஒரு முறை நின்றது. அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

உண்மை என்னவென்றால், அப்பா மாலையில் டீக்கடைக்குப் போனதும் அம்மா ஒரு குச்சியை டேங்குக்குள் விட்டு அளவு பார்ப்பாள். குறைந்திருந்தால் ஊற்றுவாள். புனலைப் பிடிப்பது நான். கிணற்றடி பம்ப் என்ஜினுக்கு வாங்கும் டீசலில் பாதி இந்த வண்டிக்குத்தான் போனது. இது தெரியாமல் அப்பா அந்தப் பம்ப் என்ஜினைக் குடிகாரன் என்று திட்டுவார். விற்றுவிடுவேன் என்றுகூட மிரட்டியிருக்கிறார். பாவம், அது ஒரு சொட்டு அதிகம் குடித்ததில்லை.

"ஏம்மா, அப்பாகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அவருக்கு ஊர்ல இருக்கிற ஒரே பெருமை அது. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அப்படிப்பட்டவளைத்தான் மூடியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

திங்கள் மாலை அம்மா கொட்டகைப் பக்கமே போகவில்லை. செவ்வாய் மாலை அட்டைக்கு முன்னால் நின்று அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "சட்டம்னா சட்டம்" என்றாள். நடக்கப் போவது எனக்குப் புரிந்துவிட்டது. பயமில்லை. சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை வானம் கறுத்துவிட்டது. விதை மூட்டை கூடத்தில் தயாராக இருந்தது. கீழ் வயல் பள்ளம். மழைக்கு முன்னால் உழுதால் உண்டு. மழை விழுந்துவிட்டால் அது சேற்றுக் குளம். இரண்டு வாரத்துக்கு டிராக்டர் இறங்க முடியாது, இந்தப் பருவத்துக்கு அந்த வயலை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்பா டேங்கைத் தட்டினார். 'டங்ங்ங்' என்று கோயில் மணி மாதிரி கேட்டது.

ஏழு வருடத்தில் முதல் முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். கண்ணை விரித்தார். "கேட்டியா பாப்பா? கணீர்னு இருக்கு! ரொம்பி வழியுது போல!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வானத்தைப் பார்த்தாள்.

கீழ் வயலில் கால் பங்கு உழுதிருப்பார். வண்டி இருமியது. இன்னும் நாலடி போனது. பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு நின்றது. எங்கும் அமைதி. அப்பா சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார், குதிரை செத்ததை நம்பாத ராஜா மாதிரி.

இறங்கி வந்து டேங்கைத் தட்டினார். டங்.

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். இருட்டு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். டீசல் ஒரு துளி இல்லை.

"எவனோ திருடிட்டான்!"

அந்த நேரம் பார்த்து வரப்பில் ரேடியோ வந்து நின்றார். ரேடியோ எங்கள் பக்கத்து வயல்காரர். வாயைத் திறந்தால் மூடுகிற பட்டன் கிடையாது, அதனால் அந்தப் பெயர். அவர் பார்த்த எதுவும் மாலைக்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகும்.

"என்னண்ணே, வண்டி நின்னுடுச்சா?"

"நிக்கல. நிறுத்தியிருக்கேன்."

"வயலுக்கு நடுவுலயா?"

"நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அதற்குள் அம்மா ஒரு பெரிய கேன் டீசலைத் தூக்கிக்கொண்டு வந்து வரப்பிலேயே வைத்துவிட்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்க கொண்டு வாயேன்!"

"தொடக்கூடாதுல்லங்க."

அப்பா தானே வந்து தூக்கிப் போய் முழுவதையும் ஊற்றினார். சீட்டில் ஏறினார். மீசையைத் தடவிக்கொண்டார். சாவியைத் திருப்பினார்.

கிர்ர்ர்ர் கிர்ர்ர்ர் கிர்ர்ர்ர். ஒன்றுமில்லை.

மறுபடி. மறுபடியும். பத்து முறை இருக்கும். பேட்டரியின் குரல் கம்மிக்கொண்டே வந்தது. கிர்ர்... கிர்... கி...

"நிறுத்துங்க! பேட்டரி செத்துடும்!" என்று கத்தினாள் அம்மா. "டீசல் காலியானப்ப குழாய்க்குள்ள காத்துப் புகுந்துடுச்சு. ஏர் எடுக்காம நீங்க நாளைக்கு வரைக்கும் திருப்பினாலும் கிளம்பாது."

"அடடா!" என்று தொடையில் தட்டினார் ரேடியோ. "ஏர் உழுற வண்டிக்குள்ளயே ஏர் புகுந்துடுச்சா!"

"சும்மா இருடா! எனக்குத் தெரியாதா? ஏர்தான். நான் அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன்."

யோசித்தார். என்ஜினை இடப்பக்கமிருந்து பார்த்தார். வலப்பக்கமிருந்து பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ரேடியோவுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார். "மெக்கானிக் நம்மகிட்ட எவ்ளோ மரியாதையாப் பேசுவான், கேளு."

"சொல்லுங்கண்ணே!"

"தம்பி, ஒரு சின்ன டவுட்டு. ஏர் எடுக்குறப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது நல்லதுன்னு நீ நெனைக்கிற?"

"வண்டி நின்னுபோச்சாண்ணே? நான் இப்ப இன்னொரு வண்டி வயித்துக்கு அடியில கிடக்குறேன். நாளைக்குத்தான் வர முடியும். நீங்க அக்காகிட்ட போனைக் குடுங்க. அவங்களுக்குத் தெரியும்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதாண்ணே! வண்டி வாங்கின புதுசுல ஒருதரம் நின்னுச்சே. நீங்க டீ வாங்கப் போயிட்டீங்க. அக்காதான் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டாங்க. கடைசி போல்ட்டை அவங்களே டைட் பண்ணினாங்க. அதுக்கப்புறம் ஒருநாள்கூட வண்டியை நிக்க விடலையே. தினம் குச்சி விட்டுப் பார்த்து ஊத்தச் சொன்னேன், அப்படியே செய்றாங்களாம்ல? அக்காவைப் பார்த்துக் கத்துக்கோன்னு எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லி நானே திட்டு வாங்குறேன்!"

ஸ்பீக்கரில். ரேடியோ முன்னால்.

அப்பா போனை அணைத்தார். ஆனால் விஷயம் வெளியே போய்விட்டது. பதினோரு வருடப் பெருமை பதினோரு விநாடியில் போனது. ரேடியோவின் உதடு ஏற்கெனவே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"தினம் ஊத்தினியா?" என்றார் அப்பா, ரொம்ப மெதுவாக.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்றாள் அம்மா.

எனக்கு ஒரு விநாடி அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே விநாடிதான். அதற்குள் மேற்கே இடி இடித்தது.

"சரி, சரி! சொல்லித் தொலை! மழை வருது!"

"நான் தொட மாட்டேன். சொல்றேன், நீங்க செய்யுங்க. ஃபில்டர் தலையில ஒரு ஸ்க்ரூ இருக்கு பாருங்க. அதை லூஸ் பண்ணுங்க."

அப்பா ஸ்பேனரைப் போட்டார். சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே போனார்.

"அரைச் சுத்து போதுங்க, முழுசாக் கழட்—"

கழன்று விழுந்தது. உழுத மண்ணில். ஒரு ஸ்க்ரூ.

நாங்கள் நான்கு பேரும் முழங்காலில். மண்ணைத் தடவுகிறோம், கட்டியை உடைக்கிறோம். ரேடியோ ஒரு பழைய ஆணியைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். "இதுவா அண்ணே?" எங்கள் தலைக்கு மேலே மேகம் கிடுகிடு என்று உருண்டது.

"என்னங்க," என்றாள் அம்மா.

"தேடுறேன்ல!"

"காலை எடுங்க."

அவர் இடது செருப்புக்கு அடியில்தான் இருந்தது.

மறுபடி மாட்டி, அரைச் சுற்று மட்டும் லூஸ் விட்டு, பக்கத்தில் இருந்த சின்ன லிவரை அடிக்கச் சொன்னாள். அது கைப் பம்ப். அப்பா அடித்தார். டுப்பு டுப்பு டுப்பு. ஸ்க்ரூ ஓரத்தில் டீசல் எட்டிப் பார்த்தது, சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு.

"வந்துடுச்சு!" என்று குதித்தார் அப்பா. "முடிச்சேன்!"

"அது காத்து. நுரை போற வரைக்கும் அடிங்க."

டுப்பு டுப்பு. நுரை குறைந்தது. குமிழி ஒன்று. இன்னொன்று. பிறகு குமிழியே இல்லாமல் சுத்தமாக வழிந்தது. "அடிச்சுக்கிட்டே டைட் பண்ணுங்க!" டைட் செய்தார். "இப்ப பெரிய பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூ. அதே மாதிரி." அங்கேயும் நுரை வந்தது, போனது. அப்பாவின் முழங்கை வரை டீசல். நெற்றியில் கறுப்புக் கோடு. ஆனால் கண் பளபளத்தது. எங்களுக்கும்தான். ரேடியோகூட "இன்னும் ரெண்டு அடி! இன்னும் ரெண்டு அடி!" என்று மைதானத்தில் நிற்பவர் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார்.

முதல் தூறல் என் கையில் விழுந்தது.

"கடைசி வேலை," என்றாள் அம்மா. "என்ஜினுக்குப் போற குழாய் மூணு இருக்குல்ல? அதோட நட்டை லூஸ் பண்ணி வைக்கணும். ஒருத்தர் சாவியைத் திருப்பணும், மிச்சக் காத்து அந்த வழியாப் போயிடும். டீசல் துப்பினதும் இன்னொருத்தர் டக்கு டக்குன்னு டைட் பண்ணணும். பேட்டரில ரெண்டு மூணு திருப்புக்குத்தான் உயிர் இருக்கு. ஆக ரெண்டு ஆள் வேணும். ஒண்ணு ஸ்பேனர் வேலை, கஷ்டம். மூளையும் வேணும், பலமும் வேணும். இன்னொண்ணு சும்மா மேல உட்கார்ந்து சாவி திருப்புறது. குழந்தைகூடப் பண்ணும். நீங்க எதைங்க பண்றீங்க?"

அப்பா ரேடியோவைப் பார்த்தார். நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

"கஷ்டமானதை நான் பார்த்துக்கிறேன்."

"அப்ப நான் மேல உட்காரட்டுமாண்ணே?" என்று காலைத் தூக்கினார் ரேடியோ.

"தம்பி, போர்டு!" என்றாள் அம்மா.

"அட, போர்டு கிடக்கட்டும்!" என்றார் அப்பா.

"கிடக்கட்டும்னா கழட்டிடட்டுமாங்க? ரேடியோ தம்பி பார்த்துக்கோங்க, ஞாயித்துக்கிழமை போட்ட சட்டம், புதன்கிழமை ரத்து."

ஒலிபரப்பு எப்படிப் போகும் என்று அப்பா கணக்குப் போட்டார். அவர் முகத்திலேயே தெரிந்தது.

"யாரும் கழட்டக்கூடாது! சட்டம் சட்டம்தான்! நீ ஏறி உட்காரு."

"நானா? ஓட்டுபவரைத் தவிர யாரும்—"

"அம்மா தாயே! நீதான் ஓட்டுபவர்! நீதான் பைலட்! ஏறித் தொலை, மழை வருது!"

"ரேடியோ தம்பி, கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு அண்ணி!"

அம்மா செருப்பை வரப்போரம் விட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சீட்டை இரண்டு விரல் அளவு முன்னால் தள்ளிக்கொண்டாள். அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கோங்க!"

"எனக்குத் தெரியும்! திருப்பு!"

கிர்ர்... கிர்ர்... முதல் நட்டு துப்பியது, நேராக மீசையில். அப்பா தும்மிக்கொண்டே டைட் செய்தார். இரண்டாவது சட்டையில். மூன்றாவது எதிலும் படவில்லை, ரேடியோ வேட்டியைத் தவிர. "டைட்! டைட்! டைட்!" என்று நான் கத்தினேன். கிர்... கி... பேட்டரி கடைசி மூச்சை இழுத்தது. ஒரு 'டுப்'. ஒரு 'டுப் டுப்'. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு கொட்டாவி. பிறகு—

டுபுடுபுடுபுடுபுடுபு!

நான் குதித்தேன். ரேடியோ குதித்தார். அப்பா ஸ்பேனரை வானத்தில் வீசினார். அது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. "நான்தான்! நான் கிளப்பினேன்!" என்று ரேடியோவைக் கட்டிப்பிடித்தார். ரேடியோவுக்கும் இப்போது மீசை கறுப்பாகிவிட்டது.

பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு டிராக்டரை நோக்கி நடந்தார், பட்டம் சூட்டிக்கொள்ளப் போகிறவர் மாதிரி.

"சரி, இறங்கு. மழை பெருசாகுறதுக்குள்ள முடிக்கிறேன்."

அம்மா இறங்கவில்லை. கிளட்சை மிதித்தாள். கியரைப் போட்டாள். சத்தமே வராமல் விழுந்தது. அப்பா போட்டால் பல் தேய்க்கிற சத்தம் வரும்.

"ஏய், இறங்குன்னு சொல்றேன்ல!" மட்கார்டில் கையை வைத்தார்.

"கையை எடுங்க."

"என்னது?"

அம்மா ஒரே ஒரு விரலால் ஸ்டியரிங்குக்குக் கீழே காட்டினாள். என் கையெழுத்து. பெரிய எழுத்து. அடியில் இரண்டு கோடு.

ரேடியோ உரக்கப் படித்தார், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ரசித்து. "ஓட்டுபவரைத் தவிர... வேறு யாரும்... இந்த வண்டியை..."

அப்பா கையை எடுத்தார். கலப்பை இறங்கியது. டிராக்டர் நகர்ந்தது. தூறலுக்குள், அம்மாவின் பின்னால், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரிக் கோடு நீண்டுகொண்டே போனது. பக்கத்திலேயே அப்பா உழுத கால் பங்கு இருந்தது, நான் கணக்குப் பரீட்சையில் வரைந்த கோடு மாதிரி.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். மீசையிலிருந்து டீசல் சொட்டியது.

"இந்த அட்டையை எழுதினது யாரு?"

"நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன். 'அப்பாவைத் தவிர'னு போடட்டுமான்னு கேட்டேன்ல? கெத்து வேணும்னீங்க."

மழை கொட்ட ஆரம்பித்தபோது கீழ் வயலில் உழாத இடம் ஒரு பாய் அளவுகூட மிச்சமில்லை. அம்மா நனைந்தபடி வண்டியைக் கொட்டகையில் விட்டாள், ஒரே திருப்பில், பின்பக்கமாக. இறங்கி வந்து அப்பாவிடம் துண்டை நீட்டினாள்.

"மீசையைத் துடைச்சுக்கோங்க. டீ போடுறேன்."

"அந்த அட்டையைக் கழட்டிடலாமே," என்றார் அப்பா, டீயைப் பார்த்துக்கொண்டே.

"சட்டம்னா சட்டம்னு நீங்கதானே சொன்னீங்க? ஊரே கேட்டுச்சு." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா உங்களையும் அப்படியே விட்டுட முடியாது. தினம் சாயங்காலம் குச்சி விட்டுப் பார்த்து ஊத்த ஒரு ஆள் வேணும். பாப்பாவுக்கு நாளையிலேர்ந்து நேரம் இருக்காது, அவ ஓட்டப் பழகணும். பாப்பா, அந்த மார்க்கரை எடு."

எடுத்தேன். அம்மா சொல்லச் சொல்ல, அதே அட்டையில், கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:

'டீசல் ஊற்றுபவர் மூடியை மட்டும் தொடலாம்.'